திறனா, சிக்கனமா? – ஒரு வீட்டுச் சான்றிதழைத் தமிழில் வாசித்தல்



மொழி குறித்த சொற்பொழிவு வரிசையில், குளிர்நாட்டு வீடுகளைச் சூடாக்கும் கருவியைப் பற்றி நான் பேச வந்திருப்பது உங்களுக்கு வியப்பளிக்கலாம். குளிர்சாதனம் இல்லாமல் உறக்கம் வாராத ஊர் நம் ஊர். இங்கே அந்தப் பேச்சு எதற்கு என்று கேட்பது நியாயமே. காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என்னிடம் முன்னர்ப் பயின்ற மாணவி ஒருவர் இப்போது இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் வாழ்கிறார். அவரும் அவர் கணவரும் வாங்கியது நூறாண்டுக்கு மேற்பட்ட செங்கல் வரிசை வீடு. சில ஆண்டுகள் பணம் சேர்த்து, வெளிச்சுவர்களின் உட்பக்கத்தில் வெப்பக் காப்புப் பலகைகளைப் பதித்தார்கள். பிறகு எரிவாயுக் கொதிகலனை அகற்றிவிட்டு வெப்ப ஏற்றி ஒன்றைப் பொருத்தினார்கள். யீஷூனில் வசிக்கும் மாணவியின் தாயார் தம் சேமிப்பிலிருந்து ஒரு பகுதியை இதற்காக அனுப்பியிருந்தார். 2024-இல் அந்த வீட்டை வாடகைக்கு விடும் எண்ணத்தில் புதிய எரிசக்திச் சான்றிதழ் பெற்றார்கள். பழைய சான்றிதழில் 'டி' என்று இருந்த எழுத்து, புதியதில் 'இ' என்று இறங்கியிருந்தது.

"ஐயா, பணத்தைச் செலவழித்து வீட்டைக் கெடுத்துக்கொண்டோமா என்று அம்மா கேட்கிறார். அவருக்குத் தமிழில் எப்படிச் சொல்வது?" என்று மாணவி எனக்கு எழுதினார், சான்றிதழின் படியையும் இணைத்திருந்தார்.

அந்தச் சான்றிதழைத் தமிழாக்க முயன்றபோது இரண்டு இடங்களில் என் எழுதுகோல் நின்றது. ஒன்று, 'திறன்' என்று நான் எழுதப்போன சொல். மற்றொன்று, அடைப்புக்குறிக்குள் இருந்த ஒரு சிறு சொல். தாயாரின் கேள்விக்கான விடை அந்த இரண்டு சொற்களில்தான் இருந்தது. இன்றைய உரை அவற்றைப் பற்றியது.

எழுத்தின் அதிகாரம்

ஐரோப்பிய ஒன்றியம் 2002-இல் கட்டடங்களின் எரிசக்திச் செயல்பாடு பற்றிய நெறியாணை ஒன்றைப் பிறப்பித்தது. அதன்படி இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2007 முதல் வீடுகளுக்குச் சான்றிதழ் வழங்கும் முறை நடைமுறைக்கு வந்தது. வீட்டை விற்கும்போதும் வாடகைக்கு விடும்போதும் அது வேண்டும், பத்தாண்டுகளுக்குச் செல்லும். மதிப்பீட்டாளர் வீட்டைச் சுற்றிப் பார்த்து விவரங்களைக் குறித்துக்கொள்கிறார். கணினி நிரல் அவற்றிலிருந்து ஒரு மதிப்பெண்ணைக் கணக்கிடுகிறது. 92-உம் அதற்கு மேலும் என்றால் 'ஏ'. 55 முதல் 68 வரை 'டி'. 39 முதல் 54 வரை 'இ'. 20-உம் அதற்குக் கீழும் என்றால் 'ஜி'.

இந்த எழுத்து வெறும் தகவலாக மட்டும் நிற்பதில்லை. 2018 ஏப்ரல் முதல், 'இ'-க்குக் கீழே உள்ள தனியார் வீட்டை, விதிவிலக்குப் பதிவு செய்யாமல், புதிதாக வாடகைக்கு விட முடியாது. 2020 ஏப்ரல் முதல் நடப்பிலுள்ள வாடகை ஒப்பந்தங்களுக்கும் அவ்விதி பொருந்துகிறது. இந்தத் தகுதி நிலையைச் 'சி' வரை உயர்த்தும் முன்மொழிவும் எழுந்துள்ளது. ஆகவே, மாணவியின் வீடு நின்ற இடம் விளிம்பு. இன்னும் ஒருபடி இறங்கினால் வாடகைக்கு விடும் வழி அடைபடும்.

வெப்பமூட்டியும் வெப்ப ஏற்றியும்

முதலில் கருவியின் பெயரைச் சரியாகப் பிடித்துக்கொள்வோம். கொதிகலன் எரிபொருளை எரித்து வெப்பத்தை உண்டாக்குகிறது, அது வெப்பமூட்டி. வெப்ப ஏற்றியோ வெப்பத்தை உண்டாக்குவதில்லை. ஓரிடத்திலிருந்து எடுத்து வேறிடத்திற்கு ஏற்றுகிறது. 'நீரேற்றி' என்ற சொல் நமக்குப் பழக்கமானது. நீர் தானாக மேட்டிலிருந்து பள்ளத்திற்கு ஓடும். பள்ளத்திலிருந்து மேட்டிற்குக் கொண்டுசெல்ல உழைப்பு வேண்டும். வெப்பமும் அவ்வாறே. சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்திற்குத் தானாகச் செல்லும். எதிர்த்திசையில் செலுத்த வேண்டுமானால் வேலை செய்தாக வேண்டும். அந்த வேலைக்குத்தான் மின்சாரம்.

இந்தக் கருவி நமக்குப் புதியதன்று. நம் வீவக வீடுகளின் குளிர்சாதனம் ஒரு வெப்ப ஏற்றியே. அது அறைக்குள் இருக்கும் வெப்பத்தை எடுத்து வெளியே தள்ளுகிறது. வெளிப்புறப் பெட்டியின் அருகே நின்றால் முகத்தில் அடிக்கும் அனல், உங்கள் அறையிலிருந்து வெளியேறிய வெப்பமே. லீட்ஸ் வீட்டிலுள்ள கருவி அதே வேலையைத் திசைமாற்றிச் செய்கிறது. குளிர்காலக் காற்றிலும் வெப்பம் உண்டு. அதைத் திரட்டி வீட்டுக்குள் ஏற்றுகிறது.

உண்டாக்குவதைவிட ஏற்றுவது எளிது. ஆகவே, ஓர் அலகு மின்சாரத்தைக் கொண்டு இரண்டு, மூன்று அலகு வெப்பத்தை வீட்டுக்குள் சேர்க்க முடிகிறது. பிரிட்டிஷ் அரசு 700-க்கும் மேற்பட்ட வீடுகளில் நடத்திய கள ஆய்வில், காற்றிலிருந்து வெப்பத்தை எடுக்கும் கருவிகளின் இடைநிலை மதிப்பு ஏறத்தாழ 2.8 ஆக இருந்தது. இதனை 'வெப்பமூட்டி' என்று மொழிபெயர்த்துவிட்டால், ஒன்றைக் கொடுத்து 2.8 பெறுவது பொய்க்கணக்காகத் தோன்றும். 'ஏற்றி' என்றால் பொருள் உடனே விளங்குகிறது. நல்ல கலைச்சொல் பாதி விளக்கத்தைத் தானே செய்துவிடும்.

மூன்று அளவுகோல்கள்

இவ்வளவு நல்ல கருவி வந்தபின் எழுத்து ஏன் இறங்க வேண்டும்? இங்கேதான் முதற்சொல் வருகிறது.

சான்றிதழின் முகப்பிலுள்ள மதிப்பீட்டை 'எரிசக்தித் திறன் மதிப்பீடு' என்று பெயர்க்கலாம். அதைப் படிப்பவர், குறைந்த எரிசக்தியில் நிறைந்த பயன் தரும் வீட்டுக்கு உயர்ந்த எழுத்து கிடைக்கும் என்றே நினைப்பார். ஆனால், அந்த மதிப்பெண் எரிசக்தியின் அளவை அடிப்படையாகக் கொண்டதன்று. தரைப்பரப்பின் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் எரிபொருளுக்கு ஆகும் பணச் செலவே அதன் அடிப்படை. அந்த விலைகளும் கணக்கீட்டு முறையின் பதிப்பில் எழுதப்பட்டவை.

ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். 2024-இல் பழைய வீடுகளுக்குப் பயன்பட்டது 2012-ஆம் ஆண்டுப் பதிப்பு. அதில் ஒரு கிலோவாட்-மணி எரிவாயு 3.48 பென்ஸ், மின்சாரம் 13.19 பென்ஸ். கொதிகலனின் திறன் 90 விழுக்காடு என்றும் வெப்ப ஏற்றியின் மதிப்பு 2.8 என்றும் கொள்வோம். வீட்டுக்குள் ஓர் அலகு வெப்பம் சேர வேண்டும்.

எரிசக்தியால் அளந்தால், கொதிகலனுக்கு 1.11 அலகு எரிவாயு வேண்டும். வெப்ப ஏற்றிக்கு 0.36 அலகு மின்சாரம் போதும். மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு.

பணத்தால் அளந்தால், கொதிகலனுக்கு 3.87 பென்ஸ், வெப்ப ஏற்றிக்கு 4.71 பென்ஸ். ஐந்தில் ஒரு பங்குக்கும் அதிகமான கூடுதல். இந்த விலைகளின்படி வெப்ப ஏற்றி கொதிகலனுக்கு ஈடாக வேண்டுமானால் அதன் மதிப்பு ஏறத்தாழ 3.4 ஆக இருக்க வேண்டும்.

கரியமில வாயுவால் அளந்தால் கதை வேறு. அதே பதிப்பு ஒரு கிலோவாட்-மணி மின்சாரத்துக்கு 0.519 கிலோகிராம், எரிவாயுவுக்கு 0.216 கிலோகிராம் என்று கொண்டது. அதன்படி ஓர் அலகு வெப்பத்துக்குக் கொதிகலன் 0.24 கிலோகிராமும் வெப்ப ஏற்றி 0.19 கிலோகிராமும் வெளியிடும். இடைவெளி சிறியது. ஆனால், 2012-க்குப் பின் பிரிட்டன் தன் நிலக்கரி மின்நிலையங்களைப் படிப்படியாக மூடியது. கடைசி நிலையம் 2024 செப்டம்பரில் நின்றது. முறையின் பிந்திய பதிப்பு மின்சாரத்துக்கு 0.136 கிலோகிராம் என்றே கொள்கிறது. அவ்வாறானால் வெப்ப ஏற்றியின் பங்கு 0.05 கிலோகிராம் மட்டுமே. பழைய வீடுகளுக்கான முறையில் அந்தத் திருத்தம் 2025 ஜூனில்தான் நடைமுறைக்கு வந்தது. ஆயினும், முகப்பிலுள்ள எழுத்து தொடர்ந்து விலைக் கணக்கின் மீதே நின்றது.

ஒரே வீடு, ஒரே கருவி. ஓர் அளவுகோல் பெரிய முன்னேற்றம் என்கிறது. மற்றொன்று பின்னடைவு என்கிறது. மூன்றாவது, எந்த ஆண்டின் எண்ணை எடுக்கிறோம் என்பதைப் பொறுத்து விடை சொல்கிறது. மூன்றையும் 'திறன்' என்ற ஒரே சொல்லால் மூடிவிட்டால் படிப்பவர் ஏமாறுவார்.

தமிழில் நமக்கு இங்கே ஒரு வசதி இருக்கிறது. 'திறன்' என்றும் 'சிக்கனம்' என்றும் இரண்டு சொற்களை நாம் வழங்குகிறோம். நம் ஊர் அறிவிப்புகளில் 'எரிசக்திச் சிக்கனம்' என்ற தொடரைப் பலமுறை கண்டிருப்பீர்கள். பல வேளைகளில் இரண்டையும் ஒன்றாகவே ஆள்கிறோம். ஆனால், சிக்கனம் என்றதும் நம் மனத்தில் பணப்பை தோன்றும். திறன் என்றதும் வேலை தோன்றும். அந்தச் சான்றிதழின் எழுத்து உண்மையில் சொல்வது செலவுச் சிக்கனத்தை. தாயாருக்கு நான் எழுதிய தமிழாக்கத்தில் 'எரிபொருட்செலவுச் சிக்கன மதிப்பீடு' என்றே எழுதினேன்.

பணத்தை அளவுகோலாகக் கொண்டது தவறு என்று நான் சொல்லவில்லை. குளிர்காலத்தில் உணவா வெப்பமா என்று எண்ணிப் பார்த்துச் செலவு செய்யும் ஏழைக் குடும்பத்துக்கு, மாதக் கட்டணமே முதற்கேள்வி. அக்கேள்விக்கு விடை சொல்லும் எண் வேண்டும். அந்த விடைக்கு வேறொரு கேள்வியின் பெயரைச் சூட்டியதில்தான் குறை. அதே அரசு, 2022-இல் தொடங்கிய திட்டத்தின் கீழ், வெப்ப ஏற்றி பொருத்துவோருக்கு மானியம் தருகிறது. 2023 அக்டோபரில் அத்தொகை 7,500 பவுண்டாக உயர்ந்தது. ஒரு கை மானியம் தர, மற்றொரு கை மதிப்பெண்ணைக் குறைத்தால், மக்கள் எந்தக் கையை நம்புவார்கள்?

அடைப்புக்குறிக்குள் ஒரு சொல்

இனி இரண்டாவது சொல். சான்றிதழில் சுவரைப் பற்றிய வரியைத் தமிழில் இப்படிச் சொல்லலாம்: 'திடச் செங்கல், கட்டியபடியே, வெப்பக் காப்பு இல்லை (ஊகம்).' சுவரில் பலகை பதித்தவர்களுக்கு அந்த வரி அதிர்ச்சியாக இருந்தது.

மதிப்பீட்டாளர் சுவரைத் துளைத்துப் பார்ப்பதில்லை. உள்ளே பதித்த பலகையின் மீது பூச்சுப் பூசிவிட்டால் கண்ணுக்கும் தெரியாது. பார்த்து உறுதி செய்ய இயலாமல், விலைச்சீட்டு முதலிய ஆவணச் சான்றும் இல்லாதபோது, வீடு கட்டப்பட்ட காலத்தையும் சுவரின் வகையையும் கொண்டு முறை ஒரு பொது மதிப்பை எடுத்துக்கொள்ளும். வெப்ப ஏற்றிக்கும் அப்படியே. அதன் மாதிரி எண்ணைப் பதிவேட்டில் அடையாளம் காண இயலாவிட்டால், குறைவான பொது மதிப்பே கணக்கில் சேரும்.

அந்தப் பொது மதிப்புகள் எத்துணை உறுதியானவை? சுவர் வழியே கசியும் வெப்பத்தை 'யூ-மதிப்பு' என்ற எண்ணால் குறிக்கிறார்கள். ஒரு சதுர மீட்டர் சுவரில், உள்ளும் புறமும் ஒரு பாகை வேறுபட்டால், எத்தனை வாட் வெளியேறும் என்பதே அது. பழைய திடச் செங்கற்சுவருக்கு நெடுங்காலம் 2.1 என்று கொண்டிருந்தார்கள். வீடுகளுக்கே சென்று அளந்த ஆய்வுகள், அச்சுவர்கள் அதைவிடக் குறைவாகவே வெப்பத்தை இழப்பதைக் காட்டின. 2017-இல் அந்த எண் 1.7 ஆயிற்று. 50 சதுர மீட்டர் சுவரில் 20 பாகை வேறுபாடு இருக்கும்போது, முன்பு 2,100 வாட் இழப்பு என்ற கணக்கு, பின்பு 1,700 வாட் என்று ஆனது. ஒரு செங்கலும் அசையவில்லை. காப்புப் பலகை பதித்து அந்த எண்ணை 0.3 வரை இறக்கினால், இழப்பு 300 வாட் மட்டுமே. அந்தப் பலகை சான்றிதழுக்குத் தெரியாவிட்டால், 300 என்ற உண்மைக்குப் பதில் 1,700 என்ற ஊகம் எழுத்தைத் தீர்மானிக்கிறது.

இங்கே நம் இலக்கணம் உதவுகிறது. உலக மொழிகள் சில, ஒரு செய்தியைக் கண்டு சொல்கிறோமா, கேட்டுச் சொல்கிறோமா, ஊகித்துச் சொல்கிறோமா என்பதை வினைவடிவிலேயே காட்டுகின்றன. அறிவின் மூலத்தைக் காட்டும் இத்தகைய வடிவங்களை மொழியியலார் தனி இலக்கணக் கூறாக ஆராய்கின்றனர். தமிழிலும் அதன் சாயல் உண்டு. 'காப்பு இல்லை' என்றால் சொல்பவர் தாமே உறுதி கூறுகிறார். 'காப்பு இல்லையாம்' என்றால் பிறர் சொல்லக் கேட்டிருக்கிறார். 'காப்பு இருக்காது' என்றால் ஊகிக்கிறார். 'அவர் இந்நேரம் வீட்டில் இருப்பார்' என்னும்போது எதிர்காலத்தையா சொல்கிறோம்? இப்போதைய நிலையை ஊகித்துச் சொல்கிறோம்.

சான்றிதழ் சொன்னது 'இருக்காது'. மாணவியும் தாயாரும் படித்தது 'இல்லை'. அடைப்புக்குறிக்குள் ஒதுங்கி நின்ற சொல் கண்ணிலிருந்து நழுவியது. எழுத்தாக மாறியபோதோ அந்த ஊகக் குறிப்பு முற்றிலும் மறைந்துபோயிற்று. 'இ' என்ற எழுத்துக்கு அடைப்புக்குறி இல்லை.

பிற நாடுகள் கேட்கும் கேள்விகள்

பிற நாடுகளை நோக்கினால், எழுத்து என்பது கேள்வியைப் பொறுத்தது என்பது இன்னும் தெளிவாகும். அயர்லாந்தும் 2007-இல் தன் சான்றிதழைத் தொடங்கியது. அங்கே அளவுகோல் முதனிலை எரிசக்தி. மின்நிலையத்தில் எரிந்ததையும் வழியில் இழந்ததையும் சேர்த்து எண்ணுவார்கள். ஆண்டுக்குச் சதுர மீட்டருக்கு 25 கிலோவாட்-மணிக்கு மேற்படாதது 'ஏ1'. 450-ஐக் கடந்தது 'ஜி'. பணம் அந்த எழுத்துக்குள் நுழைவதில்லை.

பிரான்ஸ் 2021 ஜூலை முதல் எரிசக்தியையும் வெப்ப வாயுக்களையும் தனித்தனியே அளந்து, இரண்டில் தாழ்ந்த எழுத்தையே வீட்டுக்கு வழங்குகிறது. மின்சாரத்தை முதனிலை எரிசக்தியாக மாற்றப் பெருக்கும் எண் அங்கே 2.3 ஆக இருந்தது. 2026 ஜனவரி முதல் தேதியிலிருந்து 1.9. மின்சாரத்தால் சூடாகும் வீடு பல, எவ்விதப் பழுதுபார்ப்பும் இன்றி ஒருபடி ஏறக்கூடும்.

ஜெர்மனியில் இருவகைச் சான்றிதழ்கள் உண்டு. ஒன்று, வீட்டுக்கு எவ்வளவு தேவை என்று கணக்கிட்டுச் சொல்வது. மற்றொன்று, உண்மையில் எவ்வளவு நுகர்ந்தார்கள் என்று கட்டணச் சீட்டிலிருந்து சொல்வது. தேவையும் நுகர்வும் ஒன்றல்ல. மின்னா சுனிக்கா-பிளாங்க், ரே கால்வின் என்ற ஆய்வாளர்கள் சுமார் 3,400 ஜெர்மானிய வீடுகளின் தரவுகளை ஆராய்ந்து 2012-இல் கட்டுரை வெளியிட்டார்கள். கணக்கிட்ட தேவையைவிட மக்கள் சராசரியாக 30 விழுக்காடு குறைவாகவே நுகர்ந்தனர் என்பது அவர்கள் கண்டது. மோசமான வீட்டில் வாழ்பவர் எல்லா அறைகளையும் சூடாக்குவதில்லை. கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஓர் அறையில் இருக்கிறார். கணக்கு அதை அறியாது.

பிரிட்டனும் இப்போது தன் கேள்வியைப் பிரித்துக் கேட்க முற்பட்டிருக்கிறது. 2024 டிசம்பரில் வெளியான அரசின் கலந்தாய்வு ஆவணம், ஓர் எண்ணுக்குப் பதிலாக நான்கை முன்மொழிந்தது: கட்டடத்தின் உடல் வெப்பத்தைக் காக்கும் தன்மை, சூடாக்கும் அமைப்பு, மின்தேவையை நேரத்திற்கேற்ப மாற்றும் ஆயத்தம், எரிசக்திச் செலவு. ஸ்காட்லாந்து அரசும் வெப்பக் காப்பு, சூடாக்கும் முறை, செலவு ஆகியவற்றைத் தனித்தனியே காட்டும் சான்றிதழை நோக்கிச் செல்கிறது. ஒரு சொல்லுக்குள் திணித்த பொருள்களை மீண்டும் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் அதனதன் பெயரைக் கொடுக்கும் வேலை இது. அகராதி தொகுப்போர் அறிந்த வேலைதான்.

தாயாருக்குச் சொன்னதும் வகுப்பறைக்குச் சொல்வதும்

தாயாரிடம் தொலைபேசியில் நான் சொன்னது இதுதான்: "வீடு கெட்டுப்போகவில்லை, அம்மா. இந்த எழுத்து, மாதச் செலவு என்ன ஆகும் என்ற கேள்விக்குப் பழைய விலைப்பட்டியலை வைத்து விடை சொல்கிறது. சுவரைப் பற்றி அது பார்த்துச் சொல்லவில்லை, ஊகித்துச் சொல்கிறது." அவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அப்படியானால் சுவரைப் பற்றிய சீட்டை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்" என்றார். தேவையான விடை அதுதான். பலகை வாங்கிய சீட்டையும், பூச்சுக்கு முன் எடுத்த படங்களையும், கருவியின் மாதிரி எண்ணையும் காட்டி மறுமதிப்பீடு செய்தபோது சுவர் பற்றிய வரி மாறியது. எழுத்து 'டி'-க்குத் திரும்பியது. விலைக் கணக்கு மட்டும் அப்படியே இருந்தது. அதை மாற்றுவது ஒரு குடும்பத்தின் கையில் இல்லை.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம் மாணவர்களும் குறியீடுகள் சூழ்ந்த உலகில் வளர்கிறார்கள். சிங்கப்பூரில் 2008 முதல் குளிர்சாதனத்திலும் குளிர்பதனப் பெட்டியிலும் எரிசக்திச் சிட்டை கட்டாயம். அதிலுள்ள சரிக்குறிகளை எண்ணித்தான் கடையில் தேர்ந்தெடுக்கிறோம். அத்தகைய சிட்டை ஒன்றை வகுப்புக்குக் கொண்டுவாருங்கள். அதைத் தமிழில் எழுதச் சொல்லுங்கள். எழுதும்போது இரண்டு கேள்விகளுக்கு விடை தேடச் சொல்லுங்கள்: இது எதை அளக்கிறது? அதை எப்படி அறிந்தது? முதற்கேள்வி சரியான பெயர்ச்சொல்லைத் தேட வைக்கும். இரண்டாவது சரியான வினைமுற்றைத் தேட வைக்கும். 'திறன்' என்று எழுதியவர் 'சிக்கனம்' என்று திருத்தக்கூடும். 'இல்லை' என்று எழுதியவர் 'இருக்காது' என்று திருத்தக்கூடும்.

மொழிப்பாடம் என்பது கவிதைக்கும் கட்டுரைக்கும் மட்டும் உரியதன்று. ஒரு தாயின் சேமிப்பு வீணாகவில்லை என்று அவருக்கு அவர் மொழியில் விளங்கச் சொல்வதற்கும் அது வேண்டும்.